காதுக்கு உறை தந்தவர்

பனி நாட்டில் பிறப்பு

ஐக்கிய அமெரிக்க நாடுகளின் வடகிழக்கு மூலையில் மெயின் என்னும் மாநிலம் உள்ளது. அங்கே குளிர்காலம் நீண்டது. குளங்களும் ஏரிகளும் உறைந்து, மனிதர் நடமாடும் தரைபோல் ஆகிவிடும். அம்மாநிலத்தின் ஃபார்மிங்டன் என்னும் சிற்றூரில் 1858ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் நாள் செஸ்டர் கிரீன்வுட் பிறந்தார்.

அவ்வூர்ச் சிறுவர்களுக்குப் பனிக்காலம் விளையாட்டுக் காலமும் ஆகும். உறைந்த குளத்தின்மேல் சறுக்குக் காலணி அணிந்து விரைந்து செல்வதில் அவர்களுக்குப் பேருவகை உண்டு. செஸ்டருக்கும் அதில் மிகுந்த ஆர்வம் இருந்தது. ஆனால் குளிர்காற்று அவருடைய காதுகளைப் பெரிதும் வருத்தியது. நெடுநேரம் விளையாட இயலாமல் அவர் வீடு திரும்ப நேர்ந்தது.

குளிரும் காதும்

கடுங்குளிரில் உடல் தன் உள்ளுறுப்புகளின் வெப்பத்தைக் காக்க முயல்கிறது. அதற்காகக் கை, கால், மூக்கு, காது ஆகிய பகுதிகளுக்குச் செல்லும் குருதியின் அளவைக் குறைத்துக்கொள்கிறது. புறச்செவி குருத்தெலும்பாலும் மெல்லிய தோலாலும் ஆனது. வெப்பத்தைத் தக்கவைக்கும் கொழுப்பு அதில் மிகக் குறைவு. தலையை விட்டு விலகி நிற்பதால் அதன் இருபுறமும் காற்று படுகிறது. எனவே, குளிரால் விரைவில் தாக்குண்ணும் உறுப்புகளுள் காதும் ஒன்றாகிறது.

முதலில் காது வலிக்கும். பின்னர்த் தோல் வெளிறி மரத்துப்போகும். வலி நின்றதும் துன்பம் நீங்கியது என்று எண்ணுவது தவறு. உணர்வு மறைவதே பனிக்கடியின் அறிகுறி ஆகும். பனிக்கடி முற்றினால் காதின் ஒரு பகுதியையே இழக்க நேரிடும். செஸ்டரைத் துன்புறுத்திய இடர் சிறுவர் விளையாட்டோடு நின்றுவிடுவதன்று. பனியில் வேலை செய்த உழவர், மரம் வெட்டுவோர், வண்டியோட்டிகள் என அனைவருக்கும் அது பொதுவானது.

பாட்டியின் ஊசியும் பேரனின் கம்பியும்

1873ஆம் ஆண்டில் செஸ்டருக்கு 15 வயது. கம்பளித் துணியைத் தலையைச் சுற்றிக் கட்டிக்கொண்டால் குளிர் குறையும். ஆனால் கம்பளி அவருடைய தோலில் அரிப்பை உண்டாக்கியது. ஆகவே, காதை மட்டும் மூடும் ஓர் உறையைச் செய்ய அவர் எண்ணினார். கம்பியை வளைத்து இருமுனைகளிலும் வளையங்கள் அமைத்தார். அவ்வளையங்களில் மென்மயிர்த் தோலையும் துணியையும் வைத்துத் தைத்துத் தருமாறு தம் பாட்டியிடம் வேண்டினார். பாட்டி தைத்துக் கொடுத்தார். தலையின் மேல் கம்பியும் இரு காதுகளின் மேல் உறைகளுமாகச் செஸ்டர் மீண்டும் பனிக்குச் சென்றார். அவ்வாறு உருவானதே அவருடைய முதல் காதுறை.

காதை மூடும் எண்ணம் உலகில் அவருக்கு முன்னரே இருந்தது. அவருடைய சிறப்பு, செய்த பொருளில் குறை கண்டு அதனைத் திருத்தியதில் உள்ளது. கம்பி எளிதில் வளைந்தது. உறைகள் காதோடு படியாமல் விலகின. செஸ்டர் கம்பியை நீக்கிவிட்டு, வளைத்தாலும் தன் பழைய நிலைக்கு மீளும் தட்டையான எஃகுப் பட்டையை அமைத்தார். உறைகளைப் பட்டையுடன் சிறு கீல்களால் இணைத்தார். அதனால் உறைகள் காதின்மேல் நன்கு படிந்தன. வேண்டாதபோது மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளவும் முடிந்தது. இத்திருத்தத்திற்கு 1877ஆம் ஆண்டு மார்ச் 13ஆம் நாள் காப்புரிமை வழங்கப்பட்டது. அப்போது அவருக்கு வயது 18.

தொழிலும் தொண்டும்

கிரீன்வுட் தம் ஊரிலேயே காதுறைத் தொழிலைத் தொடங்கினார். உற்பத்திக்கு வேண்டிய இயந்திரங்களையும் தாமே வடிவமைத்தார். 1883ஆம் ஆண்டளவில் ஆண்டுக்கு 30,000 காதுறைகள் அங்கே உருவாயின. 1936ஆம் ஆண்டில் அவ்வெண்ணிக்கை 4,00,000ஆக உயர்ந்தது. முதல் உலகப்போரில் அமெரிக்கப் படைவீரர்களும் அவருடைய காதுறைகளை அணிந்தனர். ஒரு சிறுவரின் முயற்சி அவ்வூர் மக்கள் பலருக்கு வாழ்வளிக்கும் தொழிலாக வளர்ந்தது.

அவர் ஒரு கண்டுபிடிப்போடு அமையவில்லை. உதிர்ந்த இலைகளை வாரும் எஃகுப்பல் கருவி, புதுவகைக் கெண்டி முதலியவற்றையும் உருவாக்கினார். மிதிவண்டி வணிகம் செய்தார். தம் ஊருக்குத் தொலைபேசி வசதி கிடைக்கவும் பாடுபட்டார். அவருடைய மனைவி இசபெல் மகளிர் வாக்குரிமைக்காக உழைத்தவர் ஆவார்.

1937ஆம் ஆண்டு ஜூலை 5ஆம் நாள் கிரீன்வுட் காலமானார். 1977ஆம் ஆண்டு மெயின் மாநிலச் சட்டமன்றம் டிசம்பர் 21ஆம் நாளைச் செஸ்டர் கிரீன்வுட் நாளாக அறிவித்தது. ஆண்டுதோறும் டிசம்பர் மாதத்தில் ஃபார்மிங்டன் மக்கள் காதுறை அணிந்து ஊர்வலம் சென்று அவரைப் போற்றுகின்றனர்.

இன்றைய தேவை

கிரீன்வுட் கண்ட தேவை இன்றும் மாறவில்லை. லடாக், காஷ்மீர், இமாச்சலப் பிரதேசம் முதலிய பகுதிகளில் குளிர்காலத்தில் காதை மூடாமல் வெளியே செல்வது இடர் தரும். காதொலிக் கருவி அணிவோர்க்கு இருமடங்கு கவனம் வேண்டும். கடுங்குளிரில் கருவியின் மின்கலம் வலுவிழக்கும். குளிர்ந்த வெளியிலிருந்து வெப்பமான அறைக்குள் நுழையும்போது கருவியில் நீர்த்துளிகள் படியும். இறுக்கமான தொப்பி கருவியை அழுத்தினால் சீழ்க்கை ஒலி எழும்.

ஆகையால், காதை அழுத்தாமல் கிண்ணம்போல் மூடும் காதுறையே அவர்களுக்கு ஏற்றது. இரவில் மின்கலத்தின் மூடியைத் திறந்து, ஈரம் உறிஞ்சும் பொருள் வைத்த பெட்டியில் கருவியை உலர வைத்தல் நன்று. தீயருகிலோ சூடேற்றியின் அருகிலோ வைத்து உலர்த்துதல் கூடாது.

காது சிறிய உறுப்பு. அதன் வலியைப் பலரும் பொறுத்துக்கொண்டு வாழ்ந்தனர். அதனை நீக்க வழி தேடியவர் பலருக்கும் பயன்பட்டார்.

சொற்பொருள்

பேருவகை – பெருமகிழ்ச்சி
குருதி – இரத்தம்
குருத்தெலும்பு – எலும்பைவிட மென்மையான, வளையும் தன்மையுள்ள திசு
மரத்துப்போதல் – உணர்ச்சி இழத்தல்
கீல் – இரு பகுதிகளை மடங்குமாறு இணைக்கும் உறுப்பு
சீழ்க்கை – விசில்

பயிற்சி

1. குளிர் காதை விரைவில் தாக்குவதற்குரிய காரணங்கள் யாவை?
2. செஸ்டர் கம்பளித் துணியை ஏன் விலக்கினார்?
3. முதல் காதுறையில் இருந்த குறைகளையும் அவற்றை அவர் நீக்கிய முறையையும் எழுதுக.
4. காதொலிக் கருவி அணிவோர் குளிர்காலத்தில் செய்ய வேண்டுவன எவை?
5. பிரித்து எழுதுக: காதுறை, உள்ளுறுப்பு, காப்புரிமை, சிற்றூர்.