வண்ணம் குழைத்த துறவி ஃப்ரா ஆஞ்சலிக்கோ

நம் ஆலயத்தை எழுப்பியவர்களையும் அழகுபடுத்தியவர்களையும் நன்றியோடு நினைவுகூரும் இந்த யூபிலி வேளையில், தூரிகையால் இறைவனுக்குத் தொண்டு செய்த ஒரு துறவியின் வாழ்க்கையைச் சிந்திப்பது பொருத்தமாகும்.

இத்தாலியில் பிளாரன்ஸ் நகருக்கு வடக்கே, விக்கியோ என்னும் ஊரருகே, 1400ஆம் ஆண்டையொட்டிப் பிறந்தவர் குயிதோ. 1417இலேயே ஓவியராக அறியப்பட்டிருந்தார். 1423க்குள் பியேசோலே நகரில் புனித சாமிநாதர் சபை மடத்தில் சேர்ந்து, சகோதரர் ஜியோவான்னி ஆனார். வானதூதரை ஒத்தவர் என்னும் பொருளுடைய ஆஞ்சலிக்கோ என்ற பெயர், அவர் இறந்தபின் மக்கள் வழங்கியது.

ஏழ்மை வார்த்தைப்பாடு கொடுத்த அவர் கையாண்ட பொருள்களோ விலை மிகுந்தவை. பீடத்துக்குரிய படத்தை மரப்பலகையில் வரைவார்கள். பலகைமேல் ஜிப்சம் மாவையும் விலங்குப் பசையையும் குழைத்துப் பல முறை பூசித் தேய்த்து வழவழப்பாக்குவர். ஒளிவட்டம் வரும் இடத்தில் செம்மண் பூசி, அதன்மேல் தங்கத் தகடு ஒட்டி மெருகிடுவர். வண்ணப் பொடிகளை முட்டையின் மஞ்சள் கருவில் குழைப்பர். அது விரைவில் காய்ந்துவிடுமாதலால், நூலிழை போன்ற சிறு கோடுகளாகவே தீட்ட வேண்டும்.

வண்ணங்களில் அரியது நீலம். ஆப்கானிஸ்தானின் படக்ஷான் மலையில் வெட்டிய நீலக்கல் கடல் கடந்து இத்தாலிக்கு வந்தது. கல்லைப் பொடித்து, மெழுகு, பிசின், எண்ணெய் சேர்த்து மாவாகப் பிசைந்து, சாம்பல் காரநீரில் அமுக்கி அமுக்கி எடுத்தால் நீலம் கீழே இறங்கும். முதலில் இறங்குவதே உயர்தரம். தங்கத்தோடு போட்டியிடும் விலை. ஆகவேதான் அன்னை மரியாளின் மேலாடைக்கு அதை விரும்பித் தீட்டினர்.

1433இல் பிளாரன்ஸ் துணி வணிகர் சங்கம் தேவதாயின் படம் ஒன்றை அவரிடம் ஒப்படைத்தது. தங்கம், நீலம், வெள்ளி யாவும் கிடைப்பதில் சிறந்தவையாக இருக்க வேண்டும். கூலி 190 பொற்காசுகள், அல்லது அவருடைய மனச்சாட்சி போதுமென்று சொல்லும் குறைந்த தொகை என்பது ஒப்பந்தம். பேரம் பேசத் தெரிந்த வணிகர்கள், கணக்கை அவர் மனச்சாட்சியிடமே விட்டார்கள்! ஒருவருடைய நேர்மைக்கு இதைவிட வேறு சான்று வேண்டுமோ?

1436இல் பிளாரன்சிலுள்ள புனித மாற்கு மடம் அவருடைய சபையாருக்குக் கிடைத்தது. கோசிமோ மெதிச்சி என்ற செல்வர் பொருளுதவி செய்ய, மடம் புதுப்பிக்கப்பட்டது. சகோதரர்கள் தங்கும் நாற்பதுக்கு மேற்பட்ட அறைகளில், ஆண்டவருடைய வாழ்வும் பாடுகளும் சுவரிலேயே தீட்டப்பட்டன. ஈரச் சுண்ணாம்புப் பூச்சின்மேல் நீரில் குழைத்த வண்ணத்தைத் தீட்டினால், சுண்ணாம்பு காற்றோடு சேர்ந்து கல்லாக இறுகும்போது வண்ணமும் அதனுள் அடங்கிவிடும். ஒரு நாளில் முடிக்கக்கூடிய அளவுக்கே பூச்சு பூசுவர்; காய்ந்தபின் திருத்த இயலாது. அந்த அறைகளுக்குப் பெரும்பாலும் காவி, மஞ்சள் மண், பச்சை மண், சுண்ணாம்பு வெள்ளை போன்ற எளிய வண்ணங்களே போதுமாயின. மக்கள் கண்டு வணங்கும் பீடத்துக்கு விலையுயர்ந்த நீலம். தாமும் தம் சகோதரரும் தனித்து செபிக்கும் அறைக்கு மண்!

அம்மடத்தின் கூட்ட அறையில் அவர் தீட்டிய பெரிய சிலுவைப்பாட்டு ஓவியத்தில், வானத்துக்குப் பூசிய நீலம் உதிர்ந்து, அடியில் இட்ட செந்நிறம் இன்று தெரிகிறது. சிலுவையடியில் நிற்கும் புனிதர்களோ இன்றும் அழியாமல் நிற்கிறார்கள்.

பின்னர் திருத்தந்தையர் அவரை உரோமைக்கு அழைத்தனர். ஐந்தாம் நிக்கோலாசுக்காக வத்திக்கானில் புனித முடியப்பர், புனித லாரன்சியார் வரலாறுகளைத் தீட்டினார். 1450இல் பியேசோலே மடத்தின் தலைவரானார். செபிக்காமல் தூரிகையைத் தொடமாட்டார் என்று, ஒரு நூற்றாண்டுக்குப் பின் ஓவியர் வரலாறு எழுதிய வசாரி கூறுகிறார். 1455 பிப்ரவரி 18 அன்று உரோமையில் இறைவனடி சேர்ந்தார். திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 1982இல் அவருக்கு முத்திப்பேறு பட்டம் அளித்து, 1984இல் கலைஞர்களின் பாதுகாவலராக அறிவித்தார்.

இறைவனுக்கு உயர்ந்ததையும் நமக்குப் போதுமானதையும் பிரித்தறிவதே அவர் கற்பிக்கும் பாடம். நம் வீட்டுக்கு நீலத்தையும் ஆலயத்துக்கு எஞ்சியதையும் ஒதுக்குகிறோமா என்று யூபிலி கொண்டாடும் நாம் ஒவ்வொருவரும் நம்மையே கேட்டுக்கொள்வோமாக.