கீரைச் சத்தைத் தந்த சுப்பாராவ்

எல்லாப்ரகட சுப்பாராவ் என்ற பெயரை நம் அங்கத்தினர்களில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருப்பார்களோ, தெரியவில்லை. ரசாயனம் படித்த எனக்கே அவர் பெயர், பாஸ்பரஸை அளக்கும் ஒரு முறையின் பெயராகத்தான் முதலில் அறிமுகமாயிற்று. ஃபிஸ்க் என்ற பேராசிரியருடன் சேர்ந்து 1925-ல் அவர் வகுத்த முறை அது.

1895-ல் பீமவரத்தில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். சென்னையில் மெட்ரிகுலேஷன், பிரசிடென்சி கல்லூரி, பிறகு மருத்துவக் கல்லூரி. காந்திஜியின் அறைகூவலைக் கேட்டுக் கதர் உடுத்தியதால் அறுவை சிகிச்சைப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளானார், எம்.பி.பி.எஸ். கிடைக்கவில்லை, அதற்குக் குறைந்த எல்.எம்.எஸ். பட்டமே கிடைத்தது. சகோதரர்கள் இருவரை ஸ்ப்ரூ என்னும் வயிற்று நோய் கொண்டு போயிற்று. அவரையும் அது விடவில்லை. ஆயுர்வேத சிகிச்சையில் பிழைத்தார்.

1923-ல் மாமனாரின் உதவியுடன் பாஸ்டன் சென்றார். ஆஸ்பத்திரியில் இரவுச் சிப்பந்தியாக வேலை பார்த்துக்கொண்டே ஹார்வர்டில் ஆராய்ச்சி செய்தார். நாம் உண்ணும் சாதத்தின் மாவுச்சத்தும் நெய்யின் கொழுப்பும் நேராகத் தசையை அசைப்பதில்லை. அவற்றின் சக்தி ஏ.டி.பி. என்ற பொருளில் சேமிக்கப்பட்டுச் செலவாகிறது. 1929-ல் ஜெர்மனியில் லோமான் இதைக் கண்டறிந்த அதே ஆண்டில் ஃபிஸ்க்கும் சுப்பாராவும் தனியே கண்டறிந்தனர். இருந்தும் ஹார்வர்டில் அவருக்கு நிரந்தரப் பதவி கிடைக்கவில்லை.

1940-ல் லெடர்லே கம்பெனிக்குப் போனார். அங்கே அவர் தலைமையில் இயங்கிய குழு 1945-ல் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது. கீரையில் உள்ள சத்து இது. பெயரே இலை என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. செல்கள் பிரிந்து பெருகவும், ரத்த அணுக்கள் முதிரவும் இது வேண்டும். குறைந்தால் ஒருவகை ரத்தசோகை வரும். சகோதரர்களைக் கொன்ற ஸ்ப்ரூவுக்கும் இதுவே மருந்தாயிற்று! கர்ப்பிணிகளுக்கு நம் அரசு தரும் இரும்புச்சத்து மாத்திரையில் இருப்பதும் இதுதான்.

ஆனால் நரம்புக் கோளாறுடன் வரும் கொடிய ரத்தசோகையை இது முழுதாகக் குணப்படுத்தவில்லை. அதற்கு பி12 வேண்டும். கீரையிலும் பருப்பிலும் பி12 கிடையாது. நம்மைப் போன்ற சைவ உணவினருக்குப் பாலும் தயிரும்தான் கதி. மோரைக் குறைத்துக்கொள்ளும் வயதானவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஃபோலிக் அமிலத்தைப் போலவே தோற்றமளித்து, அதன் வேலையைத் தடுக்கும் பொருள்களையும் அவர் குழு தயாரித்தது. ரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்கு டாக்டர் சிட்னி ஃபார்பர் 1947-ல் அவற்றைக் கொடுத்துத் தற்காலிக நிவாரணம் கண்டார். மூட்டுவாதத்துக்கு நம்மில் சிலர் சாப்பிடும் மெதோட்ரெக்ஸேட் அந்த வம்சம்தான். யானைக்கால் நோய்க்கான டி.இ.சி. மருந்தும் அவர் குழுவின் கொடையே.

மனைவி சேஷகிரி ஊரில் காத்திருந்தார். பிறந்த ஒரே மகனையும் சுப்பாராவ் பார்க்கவில்லை; குழந்தை சில மாதங்களிலேயே இறந்துவிட்டது. போனவர் திரும்பவே இல்லை. 1948 ஆகஸ்டில், 53 வயதில், அமெரிக்காவில் தூக்கத்திலேயே காலமானார். பி12 பிரித்தெடுக்கப்பட்டதும் அந்த வருஷம்தான். 1995-ல் நம் தபால் இலாகா அவருக்கு ஒரு தபால்தலை வெளியிட்டது.