நாற்காலியை விட்டு எழுந்தவர்



தெப்பக்காடு போன்ற காட்டோரக் குடியிருப்புகள் வரைக்கும் ஏழைத் தாய்மார்களுக்குப் பிரசவ உதவிப் பணம் தரும் அரசுத் திட்டத்தின் பெயர் உங்களுக்குத் தெரியும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டம். அக்காவுக்கோ அண்ணிக்கோ மனு எழுதிக் கொடுக்கும்போது அந்தப் பெயரை எழுதியிருப்போம். ஆனால் அவர் யாரென்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

1886 ஜூலை 30-ல் புதுக்கோட்டையில் பிறந்தார். அப்பா நாராயணசாமி ஐயர், மன்னர் கல்லூரியில் தலைமைப் பொறுப்பில் இருந்தவர். அம்மா சந்திரம்மாள், தேவதாசி மரபில் வந்தவர். வயதுக்கு வந்ததும் பள்ளிக்கூடம் நின்றது. வீட்டிலிருந்தே படித்து மெட்ரிக்குலேஷன் தேறினார். அடுத்து ஆண்கள் மட்டுமே படித்த மன்னர் கல்லூரி. சும்மா விடுவார்களா? பெண் என்று ஒரு எதிர்ப்பு, தாயின் குலத்தைச் சொல்லி இன்னொரு எதிர்ப்பு! மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் இடம் கொடுக்கச் சொன்ன பிறகே கதவு திறந்தது. 1907-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 1912-ல் டாக்டர் ஆனார்.

1926-ல் சென்னை சட்டசபைக்கு நியமிக்கப்பட்டார். துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1927-ல், சிறுமிகளைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை ஒழிக்கத் தீர்மானம் கொண்டுவந்தார். எதிர்ப்பு பலமாக வந்தது. தேவதாசிகளில் ஒரு பகுதியினரே எதிர்த்து மனு கொடுத்தார்கள். பிழைப்பும் மானமும் ஒருசேரப் போய்விடுமே என்ற பயம் அவர்களுக்கு. அந்தப் பயத்துக்கும் வழி பார்த்தார் முத்துலட்சுமி. 1929-ல் வந்த சட்டத் திருத்தம், கோயில் ஊழியத்துக்காக அவர்கள் அனுபவித்துவந்த நிலத்தை, ஊழியம் செய்யாமலே அவர்களுக்கு உரியதாக்க வழிசெய்தது. சோற்றுக்கு வழி சொல்லிவிட்டுத்தான் சீர்திருத்தம் பேசினார். இதை நாம் கவனிக்க வேண்டும்.

1930-ல் உப்புச் சத்தியாக்கிரகத்தில் காந்தியடிகள் கைதானார். முத்துலட்சுமி பதவியை ராஜினாமா செய்தார். பொட்டுக்கட்டுத் தடை இன்னும் சட்டமாகவில்லையே, பாதியில் எழுந்து போகலாமா? நியாயமான கேள்விதான். அந்தச் சட்டம் வர 1947 ஆயிற்று. பதினேழு வருஷம்!

ஆனால் நாற்காலி போனதும் வேலை நிற்கவில்லை. அந்த வழக்கத்திலிருந்து தப்பி வந்த பெண் பிள்ளைகளுக்கு விடுதிகளில் இடம் கிடைக்கவில்லை. தம் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். அதுதான் அவ்வை இல்லம். பின்னர் அடையாறுக்கு மாறி, பள்ளிக்கூடமாகவும் வளர்ந்தது.

தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர் அவர். குணமாகாத நோய்க்குத் தனி ஆஸ்பத்திரி எதற்கு என்று பலரும் நினைத்த காலம். அவரும் மாதர் சங்கத்தாரும் நன்கொடை திரட்டினார்கள். 1952-ல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954-ல் வெறும் 12 படுக்கைகளோடு அடையாறு புற்றுநோய் மருத்துவமனை திறந்தது. மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், பிறகு டாக்டர் சாந்தாவும் அதை வளர்த்தார்கள். 1956-ல் பத்மபூஷண் விருது வந்தது. 1968 ஜூலை 22-ல் அவர் மறைந்தார்.

நண்பர்களே! டிப்ளமோ முடித்து வெளியே போனதும் நாமும் ஒரு நாற்காலியைத்தான் தேடப் போகிறோம். தேடுவதில் தப்பில்லை. கிடைத்தால், அதில் உட்கார்ந்து யாருக்கு என்ன செய்தோம் என்று பார்ப்போம். கிடைக்கத் தாமதமானால் அதுவரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டாம். சட்டசபைப் பதவியில் நாலே வருஷம் இருந்தவர், அதை விட்ட பிறகு வந்த முப்பத்தெட்டு வருஷமும் ஓயவில்லையே!

– மூன்றாம் ஆண்டு சிவில் மாணவன், தெப்பக்காடு