மோட்டாரும் மின்சாரமும்: கலங்கல் தந்த மேதை ஜி.டி. நாயுடு



மலருக்கு ஒரு விஞ்ஞானியின் வாழ்க்கை வரலாறு எழுதிக் கொடு என்று மாணவர் சங்கத்தில் கேட்டபோது, எடிசனைப் பற்றி எழுதிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் எங்கள் தெருவில் நடந்த ஒரு சம்பவம் என் மனதை மாற்றிவிட்டது.

சென்ற கத்திரி வெயில் நேரம். ராத்திரி ஏழரை மணி இருக்கும். தெருக்கோடி டிரான்ஸ்பார்மரில் பீஸ் போய் ஊரே இருட்டாகிவிட்டது. என் அண்ணன் தினமும் செங்கல்பட்டுக்கு வேலைக்குப் போய் வர பேட்டரி ஸ்கூட்டர் வாங்கியிருந்தார். அப்போதுதான் வந்து சார்ஜ் போட்டிருந்தார். பக்கத்து வீட்டுத் தாத்தா திண்ணையில் உட்கார்ந்தபடி, எல்லாம் உங்க வண்டியாலதான் என்று சொல்லிவிட்டார். இப்படி ஆளாளுக்குக் கரண்ட் வண்டி வாங்கினால் கரண்டுக்கு எங்கே போவது என்று கேட்டார். மின்னியல் படிக்கிற பையன் நீதானே, நீ சொல்லு என்று என்னைப் பார்த்தார். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டியது நான்தான். அன்றைக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. வெட்கமாகப் போய்விட்டது.

பதில் தேடிப் புத்தகங்களைப் புரட்டியபோதுதான் ஒருவருடைய வாழ்க்கை கண்ணில் பட்டது. அவர் பஸ் ஓட்டியவர். மின் மோட்டார் செய்தவர். நம்மைப் போன்றவர்களுக்காகப் பாலிடெக்னிக் தொடங்கக் காரணமானவர். வண்டி, மோட்டார், படிப்பு ஆகிய மூன்றையும் ஒரே ஆயுளில் தொட்ட அந்தத் தமிழ்நாட்டு மேதைதான் ஜி.டி. நாயுடு அவர்கள்!

பள்ளி பிடிக்காத பிள்ளை

கோபால்சாமி துரைசாமி நாயுடு 1893ஆம் ஆண்டு மார்ச் 23ஆம் தேதி, கோவை மாவட்டம் சூலூருக்குப் பக்கத்தில் உள்ள கலங்கல் கிராமத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். குழந்தையாக இருக்கும்போதே தாயை இழந்தார். பள்ளிக்கூடம் அவருக்கு ஒத்துவரவில்லை. ஆரம்ப வகுப்புகளோடு படிப்பு நின்றது. காட்டு வேலை பார்த்துக்கொண்டே, கையில் கிடைத்த புத்தகங்களைத் தாமே படித்தார்.

வாலிப வயதில் ஒரு நாள் வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் ஊர்ப்பக்கம் வந்தார். மாடும் இல்லாமல் குதிரையும் இல்லாமல் ஓடும் அந்த வண்டி நாயுடுவின் மனதில் பதிந்துவிட்டது. கோவைக்குப் போய் ஓட்டலில் சர்வராக வேலை பார்த்தார். காசு மேல் காசு சேர்த்து ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கியேவிட்டார். வாங்கியவர் ஊர் சுற்றவில்லை. வண்டியை அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றினார், மறுபடி மாட்டினார். அவருடைய முதல் பாடப்புத்தகம் அந்த வண்டிதான் என்று சொன்னால் மிகையாகாது.

பிறகு பஞ்சு வியாபாரத்தில் இறங்கினார். பம்பாய் வரை போய்ப் பணத்தை இழந்து வெறுங்கையோடு திரும்பினார். நம்மில் பலர் அங்கேயே ஓய்ந்து போயிருப்போம். அவர் ஓயவில்லை.

ஒரு பஸ்ஸிலிருந்து ஒரு கம்பெனி

கோவையில் தொழில் நடத்திவந்த சர் ராபர்ட் ஸ்டேன்ஸ் என்ற ஆங்கிலேயர் இவருடைய திறமையைக் கண்டு, பஸ் வாங்கக் கைகொடுத்தார். 1920ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே அந்த பஸ் ஓடத் தொடங்கியது. டிரைவர் வேறு யாருமில்லை, நாயுடுவேதான். சில ஆண்டுகளில் அந்த ஒரு பஸ் பல பஸ்களாகி யு.எம்.எஸ். என்ற பெரிய போக்குவரத்து நிறுவனமாக வளர்ந்தது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அவர் வெறும் வண்டி வாங்கி விடுகிற முதலாளியாக இருக்கவில்லை. வண்டியோடு பட்டறை இருந்தது, பழுது பார்க்கத் தெரிந்த ஆட்கள் இருந்தார்கள். எல்லாவற்றுக்கும் மேல் நேரம் தவறாமை இருந்தது. வண்டியை மட்டும் வாங்கினால் போதாது, அதைச் சுற்றி உள்ள ஏற்பாடும் வேண்டும் என்பது அன்றே அவருக்குத் தெரிந்திருந்தது.

மலையிலிருந்து வந்த மின்சாரம்

1932ல் நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. மலையில் விழுந்த தண்ணீர் மின்சாரமாகிக் கோவைக்கு இறங்கி வந்தது. மின்சாரம் வந்ததும் நூற்பாலைகள் பெருகின. கிணற்று மேட்டில் கவலை ஓட்டிய மாடுகளின் வேலையை மோட்டார்கள் வாங்கிக்கொள்ள ஆரம்பித்தன. ஆனால் மோட்டார் எங்கிருந்து வந்தது? வெளிநாட்டிலிருந்து கப்பலில் வந்தது!

அதை நம் ஊரிலேயே செய்தால் என்ன என்று துணிந்தவர்களில் நாயுடு முக்கியமானவர். பீளமேட்டில் நேஷனல் எலக்ட்ரிக் ஒர்க்ஸ் உருவானது. டி. பாலசுந்தரம் நாயுடு அவர்களோடு சேர்ந்து 1937ல் அங்கே மின் மோட்டார் செய்தார்கள். இந்தியாவிலேயே உருவான முதல் மின் மோட்டார் என்று அதைச் சொல்கிறார்கள். பைக்காரா மின்சாரம் வந்து ஐந்தே வருஷம்! பிற்காலத்தில் கோவை, பம்புசெட்டுக்கும் மோட்டாருக்கும் நாடு முழுவதும் பேர் பெற்றது என்றால் அதன் வேர் அங்கே இருக்கிறது.

உலர் மின்கலத்தில் ஓடும் சின்ன மோட்டார் வைத்து முகச்சவரக் கருவி ஒன்றையும் உருவாக்கினார். ரேசண்ட் என்று அதற்குப் பேர். பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயில் ஓடும் மின்விசிறி, மோசடி செய்ய முடியாத ஓட்டுப்பதிவுக் கருவி என்று அவர் கை வைக்காத துறை இல்லை. விவசாயத்தையும் விடவில்லை. பத்தடி உயரப் பருத்திச் செடியை வளர்த்துக் காட்டினார்.

அவர் தந்த கல்லூரி

1945ல் கோவையில் ஆர்தர் ஹோப் பாலிடெக்னிக்கும் பொறியியல் கல்லூரியும் தொடங்க நாயுடு முன்னின்றார். அப்போதைய சென்னை மாகாண கவர்னரின் பேர் அதற்கு வைக்கப்பட்டது. ஆரம்பப் பள்ளியோடு நின்றவர் அந்தக் கல்லூரிக்கே முதல்வராக இருந்தார்! ஆனால் நான்கு ஆண்டுப் படிப்பு என்பது காலவிரயம், ஒழுங்காகச் சொல்லிக் கொடுத்தால் இரண்டு ஆண்டே போதும் என்பது அவர் கட்சி. அரசாங்கம் ஒப்புக்கொள்ளவில்லை. அவர் விலகிக்கொண்டார். அந்தக் கல்லூரிதான் இன்று கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரியாக இருக்கிறது. அது இடம் மாறிப் போனாலும் அவிநாசி சாலையில் பஸ் நிறுத்தத்துக்கு இன்றும் ஹோப் காலேஜ் என்றுதான் பேர்.

மூன்று வருஷம் டிப்ளமோ படிக்கும் நாம், அவர் சொன்னது சரியா தப்பா என்று கேண்டீனில் பேசிக்கொள்ளலாம். ஆனால் கையால் செய்து கற்காத படிப்பு படிப்பல்ல என்று அவர் நினைத்ததில் தப்பே இல்லை.

1952ல் இரண்டு பேர் உட்காரும் சின்ன பெட்ரோல் கார் ஒன்றை உருவாக்கினார். விலை 2,000 ரூபாய்தான். அரசாங்கத்தின் லைசென்ஸ் கிடைக்காததால் அந்தக் கார் நம் தெருவுக்கு வரவே இல்லை. வரிச்சுமையை எதிர்த்துத் தாம் செய்த பொருள்களைத் தாமே எல்லோர் முன்னும் அடித்து நொறுக்கினார் என்பதும் வரலாறு. அந்தக் கோபம் சரியா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. செய்தவன் கையாலேயே உடைவது எவ்வளவு பெரிய வலி என்பது மட்டும் புரிகிறது. 1974 ஜனவரி 4ஆம் தேதி அந்த மேதை மறைந்தார். 2025ல் திறக்கப்பட்ட அவிநாசி சாலையின் 10 கிலோமீட்டர் நீள மேம்பாலத்துக்கு அவர் பேர் வைத்திருக்கிறார்கள்.

தாத்தாவின் கேள்விக்குப் பதில்

நாயுடு பஸ்ஸையும் ஓட்டினார், மின் மோட்டாரையும் செய்தார். இன்று அந்த இரண்டும் ஒன்றாகிவிட்டன. 2025 ஜூனில் சென்னையில் மாநகரப் பேட்டரி பஸ்கள் ஓடத் தொடங்கின. நம் காஞ்சிபுரம் மாவட்டத்து இருங்காட்டுக்கோட்டையில் மின்சாரக் கார் தயாராகிறது. பிரிட்டனில் 2024ல் விற்கும் புதுக் கார்களில் நூற்றுக்கு 22 மின்சாரக் கார் போல புகையில்லாத வண்டியாக இருக்க வேண்டும் என்று கம்பெனிகளுக்குச் சட்டமே போட்டார்கள். நம் நாட்டில் அப்படி எல்லோருக்குமான கட்டாயம் வரவில்லை. 2030க்குள் புதிய வண்டிகளில் நூற்றுக்கு 30 என்பது இலக்காக இருக்கிறது. அப்படியானால் கரண்ட் தாங்குமா?

கணக்குப் போட்டுப் பார்த்தேன். 2024 மே 2ஆம் தேதி தமிழ்நாட்டின் மின்தேவை அதுவரை இல்லாத உச்சமாக 20,830 மெகாவாட்டைத் தொட்டது. அதற்கு இரண்டு நாள் முன்பு ஒரே நாளில் சுமார் 45 கோடி யூனிட் செலவானது. ஒரு ஸ்கூட்டர் நாளைக்கு 30 கிலோமீட்டர் ஓட ஏறக்குறைய 1 யூனிட் போதும். 10 லட்சம் ஸ்கூட்டர் என்றால் 10 லட்சம் யூனிட். 45 கோடியில் அது ஆயிரத்துக்கு இரண்டு பங்குதான். பயப்பட ஒன்றுமில்லை!

ஆனால் அந்த 10 லட்சம் பேரும் சாயந்திரம் 7 மணிக்கு வீட்டுக்கு வந்து ஒன்றாக சார்ஜ் போட்டால்? ஒரு சார்ஜர் முக்கால் கிலோவாட் இழுக்கும். மொத்தம் 750 மெகாவாட் ஒரே நேரத்தில் ஏறும். சூரிய மின்சாரம் ஓய்ந்துபோன நேரம் அது. கிராமத்துத் தெருவில் இது இன்னும் கஷ்டம். 63 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மரில் 40 ஸ்கூட்டர் சேர்ந்து இழுத்தால் 30 கிலோவாட். பாதித் திறன் அதற்கே போய்விடும். விளக்கு, பேன், கிரைண்டர், புதுசாக வந்த ஏ.சி. எல்லாம் மீதியில் அடங்க வேண்டும். பஸ் என்றால் கேட்கவே வேண்டாம், கிலோமீட்டருக்கு 1 யூனிட்டும் அதற்கு மேலும் ஆகும். டெப்போவுக்குத் தனி மின்பாதையே வேண்டும்.

நம் உத்திரமேரூர்க்காரர்களுக்கு இதை ஏரியை வைத்துச் சொன்னால் சுலபமாகப் புரியும். ஏரியில் தண்ணி இருக்கு, மடைதான் சின்னது. மாநிலத்தின் மின்சாரம் ஏரி, தெரு டிரான்ஸ்பார்மர் மடை. எல்லோரும் ஒரே நேரத்தில் பாய்ச்சினால் கடைமடைக்குத் தண்ணி வராது. அதனால்தான் முறை வைத்துப் பாய்ச்சுகிறோம். 1,100 ஆண்டுகளுக்கு முன்பே, பராந்தக சோழன் காலத்தில், ஏரியைப் பார்த்துக்கொள்ள ஏரி வாரியம் என்று குடவோலை போட்டு ஆள் தேர்ந்தெடுத்ததைக் கல்வெட்டில் வெட்டி வைத்த ஊர் நம்ம ஊர்!

பம்புசெட்டிலும் இதே பாடம்தான். ஒரு 5 குதிரைத்திறன் மோட்டாரின் திறன் ஏறக்குறைய 3.7 கிலோவாட். ஏறக்குறைய ஐந்து ஸ்கூட்டர் சார்ஜருக்குச் சமம். அப்படிப்பட்ட விவசாய இணைப்புகள் தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கும் மேல். அத்தனையும் ஒரே நேரத்தில் ஓடினால் எந்த மின்வாரியமும் தாங்காது. அதனால்தான் த்ரீ பேஸ் கரண்டை பகலில் இத்தனை மணி, ராத்திரியில் இத்தனை மணி என்று முறை வைத்து விட்டார்கள். ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து மோட்டார் போடப் போகும் என் அப்பாவுக்கு அந்த முறையின் கஷ்டமும் தெரியும், அவசியமும் தெரியும். லோ வோல்டேஜில் காயில் எரிந்துபோய், அதைக் கட்டக் கடன் வாங்கிய வருஷமும் எங்கள் வீட்டில் உண்டு. நான் இந்தப் படிப்புக்கு வந்ததே அதனால்தான்.

ஆகவே தாத்தாவுக்கு என் பதில் இது. அன்றைக்கு பீஸ் போனதற்கு அண்ணன் வண்டி மட்டும் காரணமில்லை. அது இழுப்பது ஒரு இஸ்திரிப் பெட்டி அளவுகூட இல்லை. ஆனால் தாத்தாவின் பயம் வீண் பயமும் இல்லை. கரண்ட் இருக்கிறது. அதை எந்த நேரத்தில், எந்த மடை வழியாக எடுக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இப்போதெல்லாம் அண்ணன் படுக்கப் போகும்போது பதினொரு மணிக்குத்தான் சார்ஜ் போடுகிறார்.

நண்பர்களே, சட்டம் போடுவது டில்லியிலும் லண்டனிலும் நடக்கலாம். அது தாங்குமா தாங்காதா என்பது தெருக்கோடி டிரான்ஸ்பார்மரில்தான் தெரியும். அதன் பக்கத்தில் நிற்கப்போவது டிப்ளமோ படித்த நாம்தான். நாயுடு மோட்டார் சைக்கிளைக் கழற்றிப் பார்த்தது போல, நாம் அவரவர் தெருவைப் படிக்க வேண்டும். இந்த விடுமுறையில் ஒவ்வொருவரும் தம் தெரு டிரான்ஸ்பார்மர் எத்தனை கே.வி.ஏ., அதில் எத்தனை வீடு, எத்தனை மோட்டார், எத்தனை பேட்டரி வண்டி என்று எழுதிக்கொண்டு வரலாம். கம்பத்தில் யாரும் கை வைக்க வேண்டாம். தள்ளி நின்று பலகையைப் படித்தாலே போதும். மாணவர் சங்கம் அதைத் தொகுத்து வைத்தால் அடுத்த ஆண்டு மலரில் ஒரு நல்ல கட்டுரை கிடைக்கும். ஊருக்கும் உதவும்.

கலங்கலில் பிறந்த ஒரு விவசாயி வீட்டுப் பிள்ளையால் முடிந்தது, உத்திரமேரூர்ப் பக்கத்துப் பிள்ளைகளாலும் முடியும். முயன்று பார்ப்போம்!



மூன்றாம் ஆண்டு, மின்னியல் துறை