சிங்கக் காட்டின் காவலர்

பிள்ளைகளே, தென்னாப்பிரிக்காவுக்குச் சுற்றுலா போய் வந்தவர்கள் யாரையாவது கண்டால் கேட்டுப் பாருங்கள். குரூகர் தேசியப் பூங்காவைப் பற்றித்தான் முதலில் பேசுவார்கள். விடிவதற்கு முன்பே எழுப்பி, மேலே திறந்த வண்டியில் ஏற்றி, வழிகாட்டி ஒருவர் காட்டுக்குள் அழைத்துப் போவார். சிங்கம், சிறுத்தை, யானை, காண்டாமிருகம், காட்டெருமை ஆகிய ஐந்தையும் பார்த்துவிட வேண்டும் என்று எல்லோருக்கும் ஆசை. இவற்றுக்கு 'பெரிய ஐந்து' என்று பெயர். அந்தப் பெயரை வைத்தவர்கள் சுற்றுலாக்காரர்கள் அல்லர், வேட்டைக்காரர்கள்! நடந்து போய் வேட்டையாடுவதற்கு மிகவும் ஆபத்தான விலங்குகள் இந்த ஐந்தும்தாம்.

இன்று சுமார் 19,500 சதுர கிலோமீட்டர் பரந்து கிடக்கும் இந்தப் பூங்காவில் ஒரு காலத்தில் மானைக் காண்பதே அரிதாக இருந்தது என்றால் நம்புவீர்களா? அந்தக் காலத்தில் அங்கே காவலராக வந்தவர்தான் ஜேம்ஸ் ஸ்டீவன்சன் ஹாமில்டன்.

ஹாமில்டன் ஸ்காட்லாந்துக் குடும்பத்தைச் சேர்ந்தவர். 1867-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் அயர்லாந்தின் டப்ளின் நகரில் பிறந்தார். பிரிட்டிஷ் ராணுவத்தில் குதிரைப்படை அதிகாரியானார். தென்னாப்பிரிக்காவில் ஆங்கிலேயருக்கும் போயர் மக்களுக்கும் 1899-இல் போர் மூண்டபோது அங்கே போய்ச் சண்டையிட்டார். போர் 1902-இல் முடிந்தது. அப்போதுதான் அவரைத் தேடி ஒரு புதிய வேலை வந்தது.

அட்லஸை எடுத்துத் தென்னாப்பிரிக்காவின் வடகிழக்கு மூலையைப் பாருங்கள். மொசாம்பிக் எல்லையோரம் சபி ஆறும் முதலை ஆறும் ஓடுகின்றன. இரண்டுக்கும் நடுவில் உள்ள காட்டை 1898-இல் டிரான்ஸ்வால் நாட்டின் அதிபர் பால் குரூகர் விலங்குகளின் காப்பிடமாக அறிவித்திருந்தார். அதற்குள் போர் வந்துவிட்டது. போர் வீரர்களும் வேட்டைக்காரர்களும் கண்டதையெல்லாம் சுட்டார்கள். அதற்கு முன்பே, 1896-இல் பரவிய வெக்கை நோய் காட்டெருமைகளைக் கொன்று குவித்திருந்தது. தந்தத்துக்காக யானைகளும் ஏறக்குறைய அழிந்து போயிருந்தன.

வெறும் காட்டுக்கு ஒரு காவலர்! என்ன செய்ய வேண்டும் என்று விவரமாக உத்தரவு எதுவும் இல்லை. எல்லோருக்கும் தொல்லை தருகிறவராக இருந்தால் போதும் என்பதுதான் மேலதிகாரி சொன்ன வழி. முப்பத்து நான்கு வயது ஹாமில்டன் அதை அப்படியே செய்தார். சுட்டவர் யாராயிருந்தாலும் வழக்குப் போட்டார். வெள்ளைக்காரப் போலீஸ்காரர்களையும் அவர் விடவில்லை.

அவருடன் வேலைக்குச் சேர்ந்த வனக்காவலர்களில் ஹாரி வோல்ஹூட்டர் என்பவரின் கதையைச் சொல்லாமல் போக மனமில்லை. 1903-இல் ஒரு மாலை இருட்டும் நேரத்தில் அவர் குதிரையில் தனியாக வந்துகொண்டிருந்தார். கூடவே ஒரு நாய். திடீரென்று சிங்கம் ஒன்று பாய்ந்தது. குதிரை மிரண்டது, அவர் விழுந்தார். விழுந்த இடத்தில் இன்னொரு சிங்கம் நின்றது! அது அவருடைய வலது தோளைக் கவ்வித் தரதரவென்று இழுத்துப் போனது. துப்பாக்கி எங்கோ விழுந்துவிட்டது. இடுப்பில் ஒரு கத்தி மட்டும் இருந்தது. இடது கையால் அதை உருவி, சிங்கத்தின் நெஞ்சைத் தடவிப் பார்த்து இடம் கண்டு குத்தினார். பிறகு தொண்டையில் குத்தினார். சிங்கம் அவரை விட்டுவிட்டு நகர்ந்தது. ரத்தம் வழிய ஒரு மரத்தில் ஏறி, மயங்கினாலும் விழாதபடி தன்னைக் கிளையோடு கட்டிக்கொண்டார். முதல் சிங்கம் மரத்தடிக்கு வந்தது. அதை நெருங்க விடாமல் குரைத்துக் குரைத்து விரட்டியது அந்த நாய். பின்னால் வந்த ஆப்பிரிக்கப் பணியாளர்கள் அவரைக் காப்பாற்றி, நாள்கணக்கில் தூக்கிச் சென்று மருத்துவரிடம் சேர்த்தார்கள். அந்தச் சிங்கத்தின் தோலும் கத்தியும் இன்றும் அங்கே காட்சிக்கு உள்ளன. வோல்ஹூட்டரோ 1946 வரை அதே காட்டில் வேலை பார்த்தார்!

ஹாமில்டனைப் பற்றி இன்னொரு செய்தியும் உண்டு. மனிதர் யாரும் காட்டுக்குள் இருக்கக் கூடாது என்று நினைத்த அவர், அங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த ஆப்பிரிக்க மக்களை வெளியேற்றினார். இரண்டாயிரம் முதல் மூவாயிரம் பேர் தங்கள் ஊர்களை இழந்தார்கள். சோங்கா மொழி பேசிய அந்த மக்கள் அவருக்கு 'ஸ்குகுசா' என்று பட்டப்பெயர் வைத்தார்கள். துடைப்பம் போட்டுப் பெருக்கித் தள்ளுகிறவர் என்று அதற்குப் பொருள். எல்லாவற்றையும் தலைகீழாகப் புரட்டுகிறவர் என்றும் சொல்வார்கள். அதைப் பாராட்டு என்று எண்ணிவிடாதீர்கள். வீட்டை இழந்தவர்கள் வைத்த பெயர் அது. அவர் காலத்துக்குப் பிறகும் இப்படி நடந்தது. பூங்காவின் வடகோடியில் வாழ்ந்த மகுலேகே மக்கள் 1969-இல் வெளியேற்றப்பட்டார்கள். அவர்களுடைய நிலம் 1998-இல்தான் திரும்பக் கிடைத்தது.

தொடக்கத்தில் ஹாமில்டன் இன்னொரு தவறும் செய்தார். மான்கள் பெருக வேண்டுமானால் அவற்றைத் தின்னும் விலங்குகள் குறைய வேண்டும் என்று கணக்குப் போட்டார். சிங்கங்களையும் காட்டு நாய்களையும் முதலைகளையும் சுட்டுத் தள்ளினார்கள். ஆனால், ஆண்டுக்கணக்கில் காட்டைக் கவனித்த பிறகு அவர் எண்ணம் மாறியது. சிங்கமும் வேண்டும், மானும் வேண்டும். ஒன்றின் எண்ணிக்கையை மற்றொன்று கட்டுக்குள் வைக்கிறது. இதைப் புரிந்துகொண்டதும் சிங்கங்களுக்காக வாதாடத் தொடங்கிவிட்டார். பெரியவர்கள் தம் கருத்தை மாற்றிக்கொள்வது எளிதல்ல. நானே வகுப்பில் தப்பாகச் சொன்னதைத் திருத்திக்கொள்ளத் தயங்கியதுண்டு.

முதல் உலகப் போருக்குப் பிறகு காட்டுக்குப் புதிய ஆபத்துகள் வந்தன. ஆடு மேய்க்க நிலம் வேண்டும் என்றார்கள் பண்ணைக்காரர்கள். நிலக்கரி தேட வேண்டும் என்றார்கள் சிலர். நிலத்தைச் சொந்தமாக வைத்திருந்த கம்பெனிகளும் மல்லுக்கு நின்றன. யாரும் பார்க்காத விலங்குகளுக்கு இவ்வளவு பெரிய காடு எதற்கு என்ற கேள்விக்கு ஹாமில்டனிடம் பதில் இல்லை.

பதில் ரயிலில் வந்தது!

1923-இல் தென்னாப்பிரிக்க ரயில்வே ஒன்பது நாள் சுற்றுலா ரயில் ஒன்றை விட்டது. அது இந்தக் காட்டின் வழியாகப் போனாலும், அங்கே பார்க்க என்ன இருக்கிறது என்று ரயில்வே நினைத்தது. ஹாமில்டன் போய்ப் பேசினார். ரயில் காட்டில் நின்று போக ஏற்பாடாயிற்று. துப்பாக்கி ஏந்திய வனக்காவலர் ஒருவர் பயணிகளைக் கொஞ்ச தூரம் நடத்திக் கூட்டிப் போனார். இரவில் நெருப்பு மூட்டிச் சுற்றி உட்கார்ந்தார்கள். ஒன்பது நாளில் மக்கள் எதை அதிகம் ரசித்தார்கள் தெரியுமா? இந்தக் காட்டைத்தான்.

பார்த்தவர்கள் ஊருக்குப் போய்ச் சொன்னார்கள். பத்திரிகைகள் எழுதின. 1926-ஆம் ஆண்டு மே 31-ஆம் நாள் நாடாளுமன்றம் தேசியப் பூங்காச் சட்டத்தை நிறைவேற்றியது. பூங்காவுக்குக் குரூகர் பெயரைச் சூட்டியதால் போயர் மக்களின் ஆதரவும் கிடைத்தது.

1927-இல் பார்வையாளர்களுக்காகத் திறந்தபோது அந்த ஆண்டு முழுவதும் வந்தவை மூன்றே கார்கள். மறு ஆண்டு 180. அதற்கடுத்த ஆண்டு 850! சாலை போட்டார்கள், வட்டக் குடிசைகள் கட்டினார்கள். மனிதர் இறங்காத வரையில் சிங்கங்கள் காரைக் கண்டுகொள்வதில்லை என்பது தெரிய வந்தது. வண்டியை விட்டு இறங்கக் கூடாது என்ற விதி இன்றும் அங்கே உண்டு. வழிகாட்டியுடன் நடந்து போகலாம். அதற்கும் துப்பாக்கியோடு அவர் முன்னே போவார், மற்றவர்கள் வரிசையாகப் பின்னே போக வேண்டும்.

ஹாமில்டன் 1930-இல்தான் திருமணம் செய்துகொண்டார். மனைவி ஹில்டா ஓர் ஓவியர். 1946-இல், 78 வயதில் பணி ஓய்வு பெற்றார். 1957 டிசம்பர் 10-ஆம் நாள் தொண்ணூறு வயதில் காலமானார். அவருடைய சாம்பல் அந்தக் காட்டிலேயே ஒரு குன்றின் மேல் தூவப்பட்டது.

அவர் தங்கி வேலை பார்த்த இடத்துக்கு 1936-இல் பெயர் மாற்றினார்கள். இன்று பூங்காவின் மிகப் பெரிய முகாம் அது. பெயர் ஸ்குகுசா. அருகில் சபி ஆற்றின் மேல் பழைய ரயில் பாலம் நிற்கிறது. இப்போது அதில் ரயில் ஓடுவதில்லை. ஓடாத ரயில் பெட்டிகளைப் பாலத்தின் மேலேயே நிறுத்தி, 2020-இல் ஒரு விடுதியாக்கிவிட்டார்கள். தங்குகிறவர்கள் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தால், கீழே ஆற்றில் யானைகள் தண்ணீர் குடிக்க வருவது தெரியும்.