மூன்று முறை தட்டப்பட்ட கதவு

1890-களின் தொடக்கம். ஓர் இரவு, திண்டிவனத்தில் ஒரு டாக்டரின் வீட்டுக் கதவு தட்டப்பட்டது.

வாசலில் ஒரு பிராமணர் பதைபதைப்புடன் நின்றார். அவருடைய மனைவிக்குப் பிரசவ வேதனை. டாக்டரின் மகள் ஐடா ஸ்கடர், தன் தந்தையை அழைத்துப் போகும்படி சொன்னார். வந்தவர் மறுத்துவிட்டார். அன்னிய ஆண் எவரும் அந்தப் பெண்ணைப் பார்க்கக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். ஐடாதான் வர வேண்டும் என்று மன்றாடினார்.

ஐடாவுக்கு வைத்தியம் தெரியாது. வந்தவர் கண்ணீரோடு திரும்பினார்.

சற்று நேரத்தில் ஒரு முஸ்லிம் வந்தார். பிறகு இன்னொரு இந்து வந்தார். மூவருக்கும் ஒரே துயரம். மூவரும் கேட்டது பெண் டாக்டரை.

பொழுது விடிந்தது. மூன்று பெண்களும் இறந்துவிட்ட செய்தி வந்தது.

மாறிய மனம்

ஐடா 1870-ஆம் ஆண்டு ராணிப்பேட்டையில் பிறந்தவர். பாட்டனாரும் தந்தையும் டாக்டர்கள். ஆனாலும், அவர்கள் வழியில் இந்தியாவில் தங்கித் தொண்டு செய்ய அவருக்கு விருப்பம் இல்லை. நோயுற்ற தாயாருக்குத் துணையாகத்தான் அமெரிக்காவிலிருந்து வந்திருந்தார்.

அந்த இரவு அவர் மனத்தை மாற்றியது. டாக்டர் அருகில் இருந்தார், மருந்தும் இருந்தது. ஆனால், அந்தப் பெண்கள் ஏற்கக்கூடிய டாக்டர் இல்லை. அவர்களுடைய வழக்கத்தைப் பழித்துப் பேசி என்ன பயன்? அந்த வீட்டுக்குள் போகக்கூடிய டாக்டர் வேண்டும். தாமே அந்த டாக்டர் ஆவது என்று முடிவு செய்தார்.

அமெரிக்கா சென்று, 1899-இல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். 1900-இல் திரும்பினார். 1902-இல் வேலூரில் பெண்களுக்காக ஓர் ஆஸ்பத்திரி எழுந்தது.

ஒருவர் போதுமா?

ஒரு டாக்டர் எத்தனை வீடுகளுக்குப் போக முடியும்? இந்த நாட்டுப் பெண்களே இந்த வேலையைக் கற்க வேண்டும் என்று ஐடா அம்மையார் எண்ணினார். அவர்களுக்கு ஊர்ப் பேச்சும் தெரியும். வீட்டு வழக்கமும் தெரியும்.

1909-இல் நர்சுகளுக்குப் பயிற்சி தொடங்கியது. 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி தொடங்கியது. முதல் அணியில் படிப்பை முடித்த 14 பெண்களும் 1922-இல் தேறினார்கள். பெண்களால் முடியுமா என்று ஐயப்பட்டவர்கள் வாயடைத்துப் போனார்கள். 1947-இல் அங்கே ஆண்களும் சேர்க்கப்பட்டனர்.

ஆஸ்பத்திரிக்கு வர இயலாதவர்களைத் தேடி அம்மையார் வண்டியில் சென்றார். சாலையோர மரத்தடியில் வைத்தியம் நடந்தது. ஊரார் ஒதுக்கிய தொழுநோயாளிகளும் அங்கே சிகிச்சை பெற்றார்கள்.

1960 மே மாதம் கோடைக்கானலில் அம்மையார் காலமானார்.

இன்று பல நாடுகளில் ஆஸ்பத்திரி ஊழியர்களுக்கு ஒரு தனிப் பயிற்சி உண்டு. நோயாளியின் மதம், மொழி, வழக்கம் எதுவானாலும் மதித்து, எல்லோரையும் சமமாக நடத்தக் கற்பிக்கும் பயிற்சி அது. ஐடா அம்மையாருக்கு அந்தப் பாடத்தை ஒரே இரவில் கற்பித்தவர்கள் மூன்று பெண்கள். அதற்கு அவர்கள் கொடுத்த விலை உயிர்.