வெள்ளை பெல்ட்டா, கறுப்பு பெல்ட்டா? வழக்கைத் தீர்த்த ஜப்பான் வாத்தியார்
வேறு பள்ளியில் வாங்கிய பட்டம் செல்லுமா? ஜூடோவின் தந்தை கானோவின் கதை

ஒரு பையன் நாலு வருஷம் கராத்தே படிக்கிறான். விழுந்து, புரண்டு, கறுப்பு பெல்ட் வாங்குகிறான். அப்புறம் வீடு மாறுகிறது. புதுப் பேட்டையில் இருப்பது ஜூடோ பள்ளி. அங்கே போய் நிற்கிற பையன் இடுப்பில் எந்த பெல்ட்டைக் கட்டுவது?

பழசை மூட்டை கட்டி வைத்துவிட்டு வெள்ளையில் இருந்து ஆரம்பிக்கச் சொல்லும் வாத்தியார்கள் உண்டு. வந்தவனுக்கு மரியாதை கொடுத்து, கட்டிய பெல்ட்டோடு நிற்கவிடுகிறவர்களும் உண்டு. நாலு மாதம் பார்த்துவிட்டு முடிவு சொல்கிறவர்களும் உண்டு.

பையனுக்கோ மனம் பொறுக்காது. நாலு வருஷ வியர்வை ஆயிற்றே!

இந்த வழக்கு இன்று நேற்று வந்தது அல்ல. கறுப்பு பெல்ட் என்ற ஒன்று பிறந்தபோதே கூடப் பிறந்த வழக்கு. அதை முதலில் சந்தித்தவர் ஜிகோரோ கானோ. உலகத்துக்கு ஜூடோவைக் கொடுத்தவர்.

ஒல்லிப் பையன்

கானோ 1860-ம் ஆண்டு பிறந்தார். ஊர் மிகாகே. இப்போது கோபே நகரத்தோடு சேர்ந்துவிட்டது. குடும்பத் தொழில் அரிசி மது காய்ச்சுவது. வசதியான வீடு. தாயார் சீக்கிரம் இறந்துபோனார். தகப்பனார் பையனை டோக்கியோவுக்கு அழைத்து வந்து படிக்க வைத்தார்.

படிப்பில் பையன் புலி. உடம்பில் எலி! உயரம் 5 அடி 2 அங்குலத்தைத் தாண்டவில்லை. தங்கிப் படித்த பள்ளியில் பெரிய பையன்கள் சும்மா விடுவார்களா? தினமும் அடி, உதை.

குள்ளமான ஆள், தடியனைத் தூக்கிப் போடும் வித்தை ஒன்று இருப்பதாகப் பையன் கேள்விப்பட்டான். அதன் பெயர் ஜூஜுட்சு. சாமுராய் வீரர்கள் கற்ற மல்வித்தை. அதைக் கற்றே தீருவது என்று பிடிவாதம் பிடித்தான். இந்தக் காலத்தில் அது எதற்கு என்று தகப்பனார் தட்டிக் கழித்தார்.

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. 1868-ல் ஆட்சி மாறியதும் சாமுராய்களின் காலம் முடிந்தது. 1876-ல் வாள் கட்டிக்கொண்டு நடப்பதற்கே தடை வந்தது. பெரிய பெரிய ஆசான்கள் எல்லாம் பிழைப்புக்கு எலும்பு முறிவு வைத்தியம் பார்த்தார்கள்.

கானோ விடவில்லை. எலும்பு வைத்தியர் பலகை தொங்கும் கடையாக ஏறி இறங்கினார். இங்கே ஜூஜுட்சு சொல்லித் தருவார்களா என்று கேட்டார். கடைசியில் புகுடா ஹாச்சினோசுகே என்ற ஆசான் கிடைத்தார். வருஷம் 1877. கானோ அப்போது பல்கலைக்கழக மாணவர்.

விழுந்து விழுந்து பாடம்

புகுடாவின் பாடமே தனி ரகம். ஒருநாள் ஒரு வீச்சைப் பார்த்துவிட்டு, கை எங்கே, கால் எங்கே என்று கானோ விளக்கம் கேட்டார். ஆசான் பதில் சொல்லவில்லை. கிட்டே கூப்பிட்டார், தூக்கிப் போட்டார். எழுந்து வந்து மறுபடியும் கேட்டார் கானோ. மறுபடியும் தூக்கிப் போட்டார். விழுந்து விழுந்துதான் படிக்க வேண்டும் என்பது ஆசானின் கட்சி.

அந்தப் பள்ளியில் புகுஷிமா என்று ஒரு தடியர் இருந்தார். அவரை அசைக்கவே முடியவில்லை. கானோ புத்தகங்களைப் புரட்டினார். சுமோ வித்தையைப் படித்தார். வெள்ளைக்காரர்களின் குஸ்தியையும் படித்தார். எதிரியைத் தோளில் ஏற்றிக் கவிழ்க்கும் ஒரு பிடியைக் கண்டுபிடித்தார். அடுத்த முறை புகுஷிமா தலைகீழாகப் போய் விழுந்தார்!

வேறு வித்தையில் இருந்து எடுத்தது நம் பாயிலும் செல்லும். கானோ கற்ற முதல் பாடம் இது.

மூன்று ஆசான், மூன்று ஆரம்பம்

1879-ல் புகுடா இறந்துபோனார். ஆசானின் வித்தை ஏடுகள் கானோவின் கைக்கு வந்தன. வயது 20 கூட ஆகவில்லை. ஆசான் ஆகிவிட்டதாக எண்ணி வீட்டில் உட்கார்ந்திருக்கலாம். உட்காரவில்லை. அதே டென்ஜின் ஷின்யோ பள்ளியைச் சேர்ந்த ஈசோ என்ற முதியவரிடம் போய் மாணவராகச் சேர்ந்தார். அங்கே உதவி ஆசான் ஆனார். 1881-ல் ஈசோவும் கண்ணை மூடினார்.

இப்போதுதான் சோதனை.

அடுத்துக் கிடைத்த ஆசான் ஈகுபோ. அவருடையது வேறு பள்ளி. கிட்டோ என்று பெயர். முதல் பள்ளியில் பிடியும் நெரியும் அதிகம். இங்கே எல்லாமே வீச்சு. உதவி ஆசானாக இருந்த கானோ, ஈகுபோவிடம் புது மாணவன் போல விழுந்து எழுந்தார். பழைய பட்டத்தை அவர் காட்டவும் இல்லை, அதை வைத்துச் சலுகை கேட்கவும் இல்லை.

ஆனால் பழைய வித்தை எங்கே போகும்? உடம்பிலேயே இருந்தது. 1883-ல் கிட்டோ பள்ளியும் அவருக்கு ஆசான் உரிமம் கொடுத்துவிட்டது!

பின்னால் ஒருநாள் ஈகுபோவையே கானோ திரும்பத் திரும்ப வீழ்த்தினார். எதிரியின் நிலையை முதலில் குலைத்துவிட்டு, அப்புறம் வீசுவது என்ற ரகசியம் அவருக்குப் பிடிபட்டிருந்தது. இனித் தன்னிடம் கற்க ஒன்றும் இல்லை என்று ஆசானே கைவிரித்தார். கோபமாக அல்ல, சந்தோஷமாக!

கோவிலில் பிறந்த பள்ளி

இதற்கிடையே 1882-ல் கானோ சொந்தப் பள்ளி தொடங்கினார். இடம், டோக்கியோவில் எய்ஷோஜி என்ற புத்தர் கோவில். 12 பாய் விரிக்கிற அறை. முதல் வருஷம் சேர்ந்தவர்கள் 9 பேர்தான். பள்ளிக்குக் கொடோகன் என்று பெயர் வைத்தார். வித்தைக்கு ஜூடோ என்று பெயர் வைத்தார்.

பையன்கள் விழுகிற விழுகையில் கோவில் தரைப் பலகைகள் உடைந்தன. ராத்திரியில் விளக்கை எடுத்துக்கொண்டு கானோ தரைக்கு அடியில் ஊர்ந்து போய் முட்டுக் கொடுப்பார். பகலில் கல்லூரி வாத்தியார், இரவில் தச்சுவேலை!

ஏணி போட்டார்

பழைய பள்ளிகளில் பட்டம் என்றால் உரிமம்தான். மொத்தம் இரண்டு மூன்று படிகள். ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் நடுவே பல வருஷங்கள். வாலிபப் பையன்களுக்குப் பொறுமை ஏது? பாதியில் ஓடிப்போவார்கள். இன்னொரு சிக்கல், ஒவ்வொரு பள்ளிக்கும் தனி ஏடு, தனி ரகசியம். ஒரு பள்ளியின் உரிமத்தை இன்னொரு பள்ளியின் தராசில் நிறுத்த வழி இல்லை.

கானோ நெருக்கமான படிகள் உள்ள ஏணியைப் போட்டார். டான் என்று பெயர். ஜப்பானில் கோ என்னும் காய் விளையாட்டில் ஆட்டக்காரர்களைத் தரம் பிரிக்க இருந்த பழைய முறை அது. அதை மல்வித்தைக்குக் கொண்டுவந்தார். 1883-ல் முதல் டான் பெற்றவர்கள் இருவர். ஒருவர் டோமிடா, இன்னொருவர் சைகோ ஷிரோ. சில வருஷத்தில் டான் பெற்றவர்கள் கறுப்புக் கச்சை கட்ட ஆரம்பித்தார்கள். உலகத்துக் கறுப்பு பெல்ட்டுகளுக்கு எல்லாம் அதுதான் மூத்த பெல்ட்!

வந்தார் யமஷிடா

1884-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம். யமஷிடா என்ற வாலிபர் கொடோகன் வாசலில் வந்து நின்றார். ஏற்கனவே இரண்டு ஜூஜுட்சு பள்ளிகளில் தேர்ந்த ஆள். அவருக்கு என்ன இடம் கொடுப்பது?

பழைய பட்டத்தைப் பார்த்து மேல்படியில் ஏற்றினால், கோவில் தரையில் விழுந்து எழுந்த பையன்கள் முகம் சுளிப்பார்கள். பழசை அடியோடு தள்ளினால், கற்ற வித்தைக்கு அவமானம்.

எல்லோரையும் போல அவர் பெயரும் பதிவேட்டில் ஏறியது. 19-வது ஆள். எல்லோருக்கும் உள்ள அதே பாய், அதே பயிற்சி. ஆனால் அவரைக் காலண்டரைப் பார்த்துக் காக்க வைக்கவில்லை. மூன்றே மாதத்தில் முதல் டான். இரண்டு வருஷத்தில் 4-வது டான்!

காகிதத்துக்கு மதிப்பெண் இல்லை. காகிதத்துக்குப் பின்னால் இருந்த உழைப்புக்கு முழு மதிப்பெண். கானோவின் தீர்ப்பு இதுதான்.

கொடோகனின் நான்கு தூண்கள் என்று பெயர் எடுத்தவர்கள் டோமிடா, சைகோ, யோகோயாமா, யமஷிடா. இவர்களில் டோமிடாதான் கானோ வீட்டுப் பிள்ளையாகவே வளர்ந்தவர். மற்ற மூவரும் வேறு பள்ளியில் கைவைத்துவிட்டு வந்தவர்கள்! அவர்களைப் பழைய பட்டம் செல்லாது என்று வாசலிலேயே விரட்டியிருந்தால், 1880-களில் போலீஸ் இலாகா நடத்திய போட்டிகளில் பழைய பள்ளிக்காரர்களைக் கொடோகன் தோற்கடித்திருக்க முடியாது.

தோற்கடித்தவருக்கும் நாற்காலி

எல்லோரும் கானோவிடம் வந்து சேர்ந்துவிடவில்லை. டனபே என்று ஒரு ஆசான். பூசென் பள்ளிக்காரர். தரையில் உருண்டு பிடிப்பதில் அசுரர். கொடோகன் கில்லாடிகளையே திணறடித்தார்.

கானோ ஆத்திரப்படவில்லை. தம் ஆட்கள் தரைப்பிடியில் பலவீனம் என்று தெரிந்துகொண்டு, அதைப் பலப்படுத்தினார். 1906-ல் கியோட்டோவில் பல பள்ளி ஆசான்கள் கூடி, எல்லோருக்கும் பொதுவான பாடமுறையை வகுத்தார்கள். கமிட்டிக்குத் தலைவர் கானோ. அதில் டனபேயும் ஒரு உறுப்பினர். அவர் கொடோகன் ஆள் அல்லவே என்று யாரும் கேட்கவில்லை.

கராத்தேக்குக் கிடைத்த பெல்ட்

1922-ல் ஓகினாவா தீவில் இருந்து ஒரு பள்ளிக்கூட வாத்தியார் டோக்கியோ வந்தார். பெயர் புனகோஷி. வயது 50-ஐத் தாண்டிவிட்டது. கொண்டுவந்த சரக்கு கராத்தே. தலைநகரில் அதை அறிந்தவர் குறைவு.

கானோ அவரைக் கொடோகனுக்கு அழைத்தார். தம்முடைய சீடர்களின் முன்னால் கராத்தேயைச் செய்துகாட்டச் சொன்னார். புனகோஷியோடு கிமா என்ற ஓகினாவா மாணவரும் செய்துகாட்டினார். டோக்கியோவிலேயே தங்கிச் சொல்லிக்கொடுக்கும்படி கானோ உற்சாகம் கொடுத்தார்.

ஓகினாவா கராத்தேயில் அதுவரை டானும் இல்லை, பெல்ட்டும் இல்லை. ஜூடோவைப் பார்த்து புனகோஷி இரண்டையும் எடுத்துக்கொண்டார். 1924 ஏப்ரலில் 7 பேருக்கு முதல் டான் கொடுத்தார். கராத்தேயின் முதல் கறுப்பு பெல்ட்டுகள் இவைதான்.

வாங்கியவர்களில் கிமா ஒருவர். அவர் கராத்தே கற்றது ஓகினாவாவில், வேறு ஆசான்களிடம். இன்னொருவர் ஓட்சுகா. அவர் புனகோஷியிடம் சேர்ந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. ஆனால் ஜூஜுட்சுவில் பழம் தின்று கொட்டை போட்டவர். யமஷிடாவுக்குக் கானோ காட்டிய நியாயம் கராத்தேக்கும் வந்துவிட்டது!

கறுப்பு பெல்ட்டைக் கழற்றி அனுப்பினார்

1930-ல் கானோவுக்கு வயது 70. உலகப் புகழ். 1909-லேயே ஒலிம்பிக் கமிட்டியில் இடம்பிடித்த முதல் ஆசியர் ஆயிற்றே! அந்த வயதில் உயெஷிபா என்பவரின் பள்ளிக்கு நேரில் போனார். பின்னாளில் அய்கிடோ என்று பெயர் பெற்ற வித்தை அது. பார்த்து அசந்துபோனார்.

அவர் அடுத்துச் செய்ததுதான் பெரிய காரியம். மொச்சிசுகி உள்பட தம்முடைய தேர்ந்த சீடர்கள் இருவரை உயெஷிபாவிடம் மாணவர்களாக அனுப்பினார். ஜூடோவில் டான் வாங்கியவர்கள், அடுத்த வீட்டில் முதல் வரிசைப் பாடம் படிக்கப் போனார்கள்.

ஆக, கானோ போட்ட கணக்கு இருபக்கமும் ஒன்றுதான். பிறர் பிள்ளை நம் வீட்டுக்கு வந்தால், கற்றதை மதித்து வேகமாக ஏற்ற வேண்டும். நம் பிள்ளை பிறர் வீட்டுக்குப் போனால், பட்டத்தை வாசலில் கழற்றி வைக்க வேண்டும்.

போனவருக்கும் பட்டம்

சைகோ ஷிரோவின் கதை உருக்கமானது. முதல் டான் வாங்கிய இருவரில் ஒருவர் அல்லவா? கானோ வெளிநாட்டில் இருந்த நேரத்தில் அவர் கொடோகனை விட்டுப் போனார். திரும்பவே இல்லை. 30 வருஷத்துக்குப் பிறகு, 1922-ல் இறந்துபோனார். செய்தி கேட்ட கானோ, இறந்தவருக்கு 6-வது டான் கொடுத்தார். விட்டுப் போனவன் என்ற கணக்கு அங்கே இல்லை. கற்ற வித்தைக்கு என்ன தரமோ, அது அவருக்கு.

19-வது ஆளாக வந்த யமஷிடா? அமெரிக்கா போனார். 1904-ல் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட்டுக்கே ஜூடோ சொல்லிக்கொடுத்தார்! 1935-ல் அவர் இறந்தபோது 10-வது டான் வழங்கப்பட்டது. அந்தப் படியைத் தொட்ட முதல் மனிதர், வேறு பள்ளியில் இருந்து வந்தவர்.

கடைசிப் பயணம்

1938-ல் கெய்ரோ நகரில் ஒலிம்பிக் கமிட்டிக் கூட்டம். 1940 ஒலிம்பிக்கை டோக்கியோவுக்கு உறுதிப்படுத்தப் போனார் கானோ. ஊர் திரும்பும்போது ஹிகாவா மாரு கப்பலில் நிமோனியா கண்டது. மே 4-ந் தேதி கடலிலேயே உயிர் பிரிந்தது. கரைக்கு இன்னும் இரண்டு நாள் பயணம் இருந்தது. வயது 77.

போர் வந்ததால் அந்த ஒலிம்பிக் நடக்கவில்லை. 1964-ல் டோக்கியோவில் ஒலிம்பிக் நடந்தது. அதில் ஜூடோவும் ஒரு போட்டியாக இருந்தது. எல்லா எடைக்காரரும் மோதும் பிரிவில் தங்கம் வென்றவர் ஜப்பானியர் அல்ல, ஹாலந்துக்காரர் கீசிங்க்!

கானோ போட்ட ஏணியை இன்று ஏகப்பட்ட வித்தைக்காரர்கள் எடுத்து ஊன்றியிருக்கிறார்கள். ஒவ்வொரு ஏணிக்கும் ஒவ்வொரு உயரம். ஒரு பள்ளியின் கறுப்பு, இன்னொரு பள்ளியின் கறுப்பு ஆகாது. சண்டை வருவது அதனால்தான்.

புதுப் பள்ளி வாசலில் நிற்கும் பையனுக்கு அன்றைய தீர்ப்பே இன்றைக்கும் பொருந்தும். வெள்ளை பெல்ட்டைக் கட்டுவதில் கேவலம் ஒன்றும் இல்லை. உள்ளே சரக்கு இருந்தால் மூன்று மாதத்தில் தெரிந்துவிடும். அப்படித் தெரிந்த பிறகும் ஏற்றிவிடாமல் உட்கார வைக்கிற வாத்தியார்தான் தப்புச் செய்கிறார்.